கடலுக்குப் போன நம்பர்

போன வாரம் ரேவதி கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த பள்ளியில் இப்போது கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். சுறுசுறுப்பான பெண். "மிஸ், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் கோபப்படுத்தாமல் முடித்ததாக என் அனுபவத்தில் இல்லை.

விஷயம் இதுதான். மாணவிகளின் விவரங்களை ஏற்றும் இணையதளத்தைச் சுத்தப்படுத்துகிறார்களாம். ஒரே செல்போன் எண் பல மாணவிகளின் பெயரில் இருந்தால் அது பிழை என்று சிவப்பில் காட்டுகிறதாம். அந்தச் சிவப்பில் பளிச்சென்று நிற்பது என் நம்பர்.

"நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. ஆனா இன்னும் இத்தன பொண்ணுங்களுக்கு உங்க நம்பர்தான் இருக்கு. எடுத்துடட்டுமா மிஸ்? அவங்கவங்க சொந்த நம்பர் குடுக்கட்டும். இப்போ எல்லார் வீட்லயும்தான் போன் இருக்கே."

எல்லார் வீட்டிலும் போன் இருக்கிறது. இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. போனிலேயே பதில் சொல்லியிருந்தால் பாவம் அந்தப் பெண்ணை வறுத்தெடுத்திருப்பேன். "நான் எழுதி அனுப்புதேன், படி" என்று வைத்துவிட்டேன். படி ரேவதி. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்தவர். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான் என்றாலும், கோபம் வந்தால் வாயில் அப்பா கடையின் நெல்லைப் பேச்சுதான் வரும். "எட்டி, இங்க வா" என்று நான் கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'எட்டி மிஸ்' என்று பெயர். தெரியாதது போல் இருந்துவிட்டேன். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த ஒரு மாடியில் பாதி இடத்தில் கம்ப்யூட்டர் வைத்தார்கள்; அங்கே கற்றுக்கொண்டேன், சான்றிதழ் வாங்கினேன், எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்துப் பெண்கள் பள்ளியில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். நிரந்தரம் ஆவதற்குள் தலை பாதி நரைத்துவிட்டது. இதற்கு மேல் அந்தக் கதையில் ஒன்றுமில்லை.

சேர்ந்த அன்றைக்கு லேபைப் பார்க்கப் போனேன். பூட்டியிருந்தது. சாவி தலைமை ஆசிரியை ஜெயசீலி மேடத்திடம் இருந்தது. அவர்கள் அதைக் கைக்குட்டையில் முடிந்து, கைக்குட்டையைக் கைப்பைக்குள் வைத்து, கைப்பையை மேசை அறைக்குள் வைத்து, மேசையையும் பூட்டியிருந்தார்கள். மிகைப்படுத்தவில்லை. நான்கு திறப்புக்குப் பிறகுதான் சாவி வெளியே வரும். ஒவ்வொரு திறப்பையும் அவர்கள் நிதானமாகச் செய்வார்கள். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார்கள். அவர்கள் துடைக்கத் துடைக்க எதிரில் நிற்கிறவருக்கு வியர்க்கும்.

"கம்ப்யூட்டர் வீணாச்சுன்னா ஆபீசர் உங்களைக் கேட்க மாட்டார். என்னைத்தான் கேட்பார்" என்றார்கள். அதில் தப்பில்லை. முன்னால் இருந்த பள்ளியில் தையல் மெஷின் ஒன்று காணாமல் போய், இவர்களை ஒரு வருஷம் விசாரணை என்று அலைக்கழித்திருக்கிறார்கள். சூடு கண்ட பூனை.

அதனால் லேபுக்கென்று ஒரு நடைமுறை வைத்திருந்தார்கள். செருப்பை வெளியே விட வேண்டும். எங்கள் பக்கம் காற்றில் அனல்மின் நிலையச் சாம்பலும் வரும், உப்பும் வரும். ஆகவே ஈரச் சாக்கில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே நுழையலாம். பழைய புடவையில் தைத்த உறையைக் கழற்றி, தூசி உள்பக்கம் போகும்படி நான்காக மடித்து, நாற்காலி முதுகில் போட வேண்டும். விசைப்பலகையைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினால் நரைத்த பொடி கொட்டும். அதன் பிறகுதான் சுவிட்சு. பிள்ளைகள் உட்காரும்போது பாதி வகுப்பு முடிந்திருக்கும். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு மானிட்டருக்கும் குங்குமம் வைத்தோம். பிற மதம் என்று ஜெயசீலி மேடம் தடுக்கவில்லை. குங்குமம் கீழே இருக்கும் ஓட்டைக்குள் கொட்டாமல் இருந்தால் சரி என்றார்கள்.

ஒரு மெஷினுக்கு நாலு பேர் உட்காருவார்கள். சமமாகத்தானே உட்காருகிறார்கள் என்று நானும் முதல் சில மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கவனித்தேன். நாலு பேரில் ஒருத்தி வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும். துறைமுகத்தில் ஆபீசர் மகள், அல்லது லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர் மகள். அவள் உட்கார்ந்ததும் மவுஸ் அவள் கைக்குப் போய்விடும். மற்ற மூவரும் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். யாரும் பிடுங்கவில்லை, யாரும் சண்டை போடவில்லை. "அவளுக்குத்தான் தெரியும் மிஸ்" என்று அவர்களே கொடுத்துவிடுவார்கள். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

செய்முறைத் தேர்வு வந்தது. மீனவர் குப்பத்துப் பெண் ஒருத்தி மவுஸை நகர்த்திக்கொண்டே போனாள். மேசை முடிந்துவிட்டது. திரையில் அம்பு இன்னும் பாதி வழியில் நிற்கிறது. அவள் என்னைப் பார்த்து, "மிஸ், எடம் பத்தல" என்றாள். மவுஸைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்து மறுபடி இழுக்கலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் லேபுக்கு வந்த பெண். மூன்று வருஷமும் அடுத்தவள் தோளைப் பார்த்திருக்கிறாள்.

மறுநாளே ஒரு சட்டம் போட்டேன். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறவள் வாய். இல்லாதவள் கை. வாய், மெஷினைத் தொடக் கூடாது; கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்ல மட்டும் செய்யலாம். கை, சொன்னதைச் செய்ய வேண்டும். லேபே சந்தைக்கடை ஆயிற்று. "எட்டி, தொடாதட்டி, வாயால சொல்லு" என்று நான் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருப்பேன். தெரிந்ததை வாயால் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று வாய்களுக்கும் அப்போதுதான் புரிந்தது. "அந்த இது... அதான் மூலையில இருக்கே, அது" என்று திணறுவார்கள்.

ஒரு வாயின் அப்பா சண்டைக்கு வந்துவிட்டார். "என் பொண்ணு கம்ப்யூட்டரத் தொடவே கூடாதாமே? இது என்ன அநியாயம்?" நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயசீலி மேடம் கண்ணாடியைக் கழற்றினார்கள். துடைத்தார்கள். "அது எங்கள் பள்ளியின் வழக்கம், சார்" என்றார்கள். அப்படி ஒரு வழக்கம் இருப்பதே அந்த நிமிஷம்தான் அவர்களுக்குத் தெரியும். அவர் போன பிறகு என்னிடம், "இனிமேல் வழக்கம் எதையாவது ஆரம்பிக்கிறதா இருந்தா முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த அம்மாளுக்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. சாவியை மட்டும் அவர்கள் விடவில்லை.

ஊரடங்கு வந்தபோது என் சட்டம் எல்லாம் காற்றோடு போயிற்று. லேப் பூட்டிக் கிடந்தது. பள்ளி போனுக்குள் போய்விட்டது. அப்போதுதான் பவானியை எனக்கு நன்றாகத் தெரிய வந்தது. முகத்துவாரக்குப்பத்துப் பெண், அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பா தேசப்பன் காசிமேட்டில் இருந்து போகும் விசைப்படகில் வேலை. அம்மா அமுலு மீன் விற்கிறவள். வீட்டுக்கு ஒரே போன். அது தேசப்பனோடு கடலுக்குப் போய்விடும். கரையை நெருங்கும்போது வீட்டுக்குச் சொன்னால்தான் அமுலு ஏலத்துக்கு வந்து நிற்க முடியும். அவர்கள் பிழைப்பு அப்படி. ஆகவே பவானி வாரக்கணக்கில் வகுப்புக் குழுவில் இருக்கவே மாட்டாள். படகு கரை சேர்ந்த அன்றைக்கு அத்தனை பாடமும் படபடவென்று ஒன்றாக வந்து விழும். மற்ற டீச்சர்கள் ஆப்சென்ட் போட்டார்கள். "மிஸ், எங்க நைனா வந்துட்டாரு" என்று அவள் குரல் வந்தால், வீட்டுப்பாடமும் வந்தது என்று எனக்கு அர்த்தம்.

அந்தப் பெண் பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் நல்ல மார்க் வாங்கினாள். நான் அழுதேன், மறைப்பானேன்.

கல்லூரிச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தை எங்கள் லேபில்தான் போட்டோம். அது மீன்பிடித் தடைக்காலம். எல்லாப் படகும் கரையில். எல்லா அப்பாக்களும் வீட்டில். செல்போன் எண் கேட்டது. பவானி அப்பா நம்பரைக் கொடுத்தாள். ஓடிபி வந்தது. தேசப்பன் லேப் வாசலிலேயே நின்றிருந்தார், ஈரச் சாக்கில் கால் துடைத்துக்கொண்டு. "வந்துச்சி மிஸ்ஸு" என்று ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். சுலபமாக முடிந்தது. அத்தனை குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் போட்டோம். தடைக்காலம் முடியும், படகுகள் போகும், கலந்தாய்வு அதற்குப் பிறகுதான் வரும் என்று எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே வாழ்கிற குப்பத்துக்கும் உறைக்கவில்லை. போன் வீட்டில் இருந்த நாளில் நம்பர் கொடுத்தோம். நம்பரும் வீட்டிலேயே இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

ஒரு சனிக்கிழமை மதியம் நான் சாப்பிட உட்காரும்போது அமுலுவும் பவானியும் வாசலில் வந்து நின்றார்கள். பவானி அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இன்னா மிஸ்ஸு இது பேஜாரா கீது" என்றாள் அமுலு. "சீட்டு கெடச்சிகீதாம். ஆனா இல்லையாம்."

கேட்டுப் புரிந்துகொண்டேன். நகரத்திலேயே ஓர் அரசுக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் ஒதுக்கியிருக்கிறார்கள். அன்று மாலை ஐந்து மணிக்குள் உள்ளே போய் 'ஏற்கிறேன்' என்று அழுத்த வேண்டும். அழுத்தினால் ஓடிபி கேட்கிறது. ஓடிபி அப்பா போனுக்குப் போகிறது. அப்பா கடலில். நாலாம் நாள் திரும்ப வேண்டிய படகு, மீன் கிடைக்கிறது என்று இன்னும் உள்ளே போய்விட்டது. பவானி பக்கத்து வீட்டுப் போனை வாங்கி, காலையிலிருந்து திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறாள். அழுத்தாவிட்டால் சீட்டு போய்விடும். அதற்கப்புறம் கிடைப்பது ஊருக்கு வெளியே ஏதாவது தனியார் கல்லூரி. அதற்கு அமுலுவிடம் வழியே கிடையாது.

என் போனில் முயன்றேன். பக்கம் பாதி திறந்து நின்றது. அந்தப் பொத்தானே தெரியவில்லை. உதவி எண்ணுக்குப் போட்டேன். ஒரு பையன் ரொம்ப மரியாதையாகப் பேசினான். நம்பரை மாற்றிக்கொள்ளலாம் மேடம், ஒன்றும் பிரச்சினை இல்லை என்றான். எப்படி என்றேன். பழைய நம்பருக்கு ஓர் ஓடிபி வரும், அதைச் சொன்னால் போதும் என்றான். பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்தவன் கதைதான். எனக்கு வந்த கோபத்தில் நல்ல வேளை லைன் கட்டாகிவிட்டது.

ஜெயசீலி மேடத்துக்குப் போன் செய்தேன். அவர்கள் ராயபுரத்தில் இருந்தார்கள். விடுமுறை நாள். லேபைத் திறக்க வேண்டும் என்றேன். காரணம் சொல்ல ஆரம்பித்தேன். "வழியில சொல்லுங்க, நான் ஆட்டோ பிடிக்கிறேன்" என்றார்கள். பவானியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நானும் அமுலுவும் காசிமேட்டுக்குப் போனோம். கடலில் போனுக்கு டவர் கிடையாது, ஆனால் வயர்லெஸ் உண்டு என்று சொன்னது அமுலுதான். "ஓனரம்மா வூட்ல கீது மிஸ்ஸு. அதுல பேசுனா நடுக்கடல்லயும் கேக்கும்."

எண்ணூர் நெடுஞ்சாலையில் என்றைக்குத்தான் கண்டெய்னர் லாரி நகர்ந்திருக்கிறது? நேரம் ஐந்து மணியை நோக்கி ஓட, நாங்கள் ஆட்டோவில் குந்தியிருந்தோம். அமுலு முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

ஓனரம்மா பெயர் குணசுந்தரி. வீட்டு மாடியில் ஏரியல், கூடத்தில் ஃப்ரிட்ஜுக்கு மேலே வயர்லெஸ் பெட்டி. பக்கத்திலேயே ஊறுகாய் ஜாடி. ஓனர் வீட்டில் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் மைக்கை எடுத்தாள். முதலில் கரகரப்பு. பிறகு ஏதோ ஒரு படகு கேட்டது. அந்தப் படகு இன்னும் உள்ளே இருந்த இவர்கள் படகைக் கூப்பிட்டுக் கொடுத்தது. டிரைவர் குரல் விட்டு விட்டு வந்தது.

"வலை தண்ணில கீதுக்கா. இப்போ திருப்புனா இன்னிக்கு பொயப்பு போச்சி. அண்ணனாண்ட கேட்டியா?"

அண்ணன் என்று அவர் சொன்னது ஓனரை. குணசுந்தரி மைக்கை வைத்துக்கொண்டு யோசித்தாள். அவள் யோசித்ததில் தப்பில்லை. படகில் ஒன்பது பேருடைய அன்றைய கூலி இருக்கிறது. அதற்குள் அமுலு அவள் கையிலிருந்து மைக்கை வாங்கிவிட்டாள்.

"இந்தாய்யா, நான்தான் பேசறேன். கேக்குதா? உம் பொண்ணுக்கு சீட்டு கெடச்சிகீது. அதுக்கு நம்பரு உன் போன்லதான் வருமாம். நீ டவர் கீற எடத்துக்கு வாய்யா."

கரகரப்புக்குப் பிறகு தேசப்பன் குரல். "வலை போட்டுகினு கீறோம்டி."

"வலைய நாளிக்கும் போட்டுக்கலாம்யா. இத்த நாளிக்கு போட முடியாதாம்யா!"

எல்லாப் படகுக்கும் கேட்கிற சேனல் அது. குணசுந்தரி மைக்கை வாங்கினாள். "வலைய இஸ்துகினு திருப்பு. அண்ணனாண்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "திட்டுவாரு. திட்டட்டும். குந்து மிஸ்ஸு, டீ துன்றியா?" என்றாள். டீயைத் தின்கிற ஊர் இது ஒன்றுதான். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு காத்திருந்தோம். காதில் என் போன். மறுமுனையில் ஜெயசீலி மேடம், லேபில். இந்தப் பக்கம் வயர்லெஸ். கடலில் ஒரு படகு இன்னொரு படகைக் கேட்டது: "இன்னா மாமு, திரும்பிகினு கீற? மிசினு பேஜாரா?" "மிசினு இல்லப்பா, தேசப்பன் பொண்ணு காலேஜி." கொஞ்ச நேரத்தில் இன்னொரு குரல்: "தேசப்பன் பொண்ணு இன்னா ஆச்சி?" இப்படியே சேதி பரவிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்று மேடம் போனில் கேட்டார்கள்.

"வந்துக்கிட்டு இருக்காங்க மேடம். பவானி எப்படி இருக்கா?"

"தண்ணி குடிக்க மாட்டேங்கிறா. நாங்க செருப்போடதான் உள்ளே வந்தோம்" என்றார்கள். எதற்காக அதை என்னிடம் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

கடைசியில் டிரைவர் குரல் வந்தது. ஒருத்தன் போனை எடுத்துக்கொண்டு கேபின் மேலே ஏறி நிற்கிறான், ஒரு கோடு தெரிகிறது, பேசினால் கட்டாகிறது, மெசேஜ் மட்டும் வந்து விழுகிறது. "நெறைய வருதுக்கா! ஒண்ணு, ரெண்டு... தோ, நம்பரு கீது, படிக்கட்டுமா?" படிக்க ஆரம்பித்துவிட்டார். நான் எண்களை மேடத்திடம் சொன்னேன். பவானி அடித்தாள்.

"தவறுன்னு வருது" என்றார்கள் மேடம்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பவானி காலையிலிருந்து அழுத்தினாளே, அந்த ஓடிபி எல்லாம் இப்போதுதான் வந்து குவிகிறது. எல்லாம் செத்த நம்பர். இன்னும் ஓரிரு தடவை தப்பாக அடித்தால் கதவை மூடிவிடும். மைக்கை நானே வாங்கினேன்.

"எதையும் படிக்காதீங்க! வந்தது எல்லாம் பழசு. எல்லாத்தையும் விடுங்க. நான் சொன்னதுக்கு அப்புறம் புதுசா ஒண்ணு வரும், அதை மட்டும் படிங்க. கேக்குதா?"

"கேக்குது மிஸ்ஸு!" இது தேசப்பன்.

"மேடம், பவானிய ஒரே ஒரு தடவை அழுத்தச் சொல்லுங்க. இப்போ."

"அழுத்திட்டா."

அமுலு என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடி எலும்பு வரை வலித்தது. வயர்லெஸ்ஸில் கரகரப்பு மட்டும். பிறகு, "வந்துச்சி! வந்துச்சி!" கேபின் மேலே இருந்தவன் கத்த, கீழே டிரைவர் மைக்கில் சொன்னார். குரல் பாதியில் விழுங்கப்பட்டது. உடனே நடுவில் இருந்த படகு அதே எண்களைச் சொன்னது. அதற்குப் பின்னால் இன்னொரு படகு, யாரும் கேட்காமலே, அதையே திரும்பச் சொன்னது. மூன்று வாயிலும் ஒரே நம்பர். நான் போனில் சொன்னேன். மேடம் பவானிக்கு ஒவ்வொன்றாகச் சொல்வது எனக்குக் கேட்டது, பிரேயரில் வேதம் வாசிக்கிற அதே நிதானத்தில்.

மேலே ஏறியிருந்தவன் கடமை தவறாதவன். நம்பரோடு நிறுத்தாமல் மெசேஜை முழுசாகப் படிக்க, டிரைவரும் அதை அப்படியே மைக்கில் ஒப்பித்தார்: "இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்."

கடலில் எங்கிருந்தோ ஒரு குரல், "நாங்க யாருமே கேக்கலப்பா!" என்றது.

"மேடம்? மேடம்?" என்றேன் போனில். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "பச்சையா வந்திருக்கு. ஏற்கப்பட்டதுன்னு போட்டிருக்கு" என்றார்கள். பின்னால் பவானி ஓவென்று அழுதாள். அமுலு அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். குணசுந்தரி மைக்கில், "கெடச்சிச்சி! தேசப்பன் பொண்ணுக்கு சீட்டு கெடச்சிச்சி!" என்று கத்தினாள். பெட்டிக்குள்ளிருந்து வந்த கூச்சலில் ஊறுகாய் ஜாடியே அதிர்ந்தது.

திங்கட்கிழமை ஜெயசீலி மேடம் கூப்பிட்டு அனுப்பினார்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஏதோ திட்டு இருக்கிறது என்று நினைத்தேன்.

"நம்ம எல்லா படிவத்துலயும் செல்போன் நம்பர்னு ஒரு கட்டம் இருக்கு" என்றார்கள். "இருக்கா இல்லையான்னுதான் இத்தனை வருஷமா கேட்டோம். அந்த போன் பகல்ல எங்கே போகுதுன்னு கேட்டதே இல்லை."

அன்றிலிருந்து கேட்டோம். வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டேன். போன் இருக்கிறதா என்றால் எல்லாக் கையும் உயரும். இப்போது எங்கே இருக்கிறது என்றால்தான் கதை வரும். ஒன்று கடலில். ஒன்று கண்டெய்னர் லாரியில், ஆந்திராவில். ஒன்று சாப்பாடு டெலிவரி செய்கிற அண்ணன் சட்டைப் பையில். ஒன்று எம்.கே.பி. நகரில், வீட்டு வேலை செய்கிற அம்மா இடுப்பில். ஒன்று ரீசார்ஜ் தீர்ந்து அலமாரி மேலே. இப்படிப்பட்ட பெண்களுக்கெல்லாம் நம்பர் கட்டத்தில் மேடம் எங்கள் இருவர் நம்பரையே கொடுக்கச் சொன்னார்கள். "பாதி எனக்கு, பாதி உங்களுக்கு" என்றார்கள். பெற்றோரிடம் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடுதான் செய்தோம். லேப் சாவியையும் அன்றைக்கே என்னிடம் கொடுத்துவிட்டார்கள், கைக்குட்டையோடு. ஏதாவது சொல்வார்கள் என்று நின்றேன். "கைக்குட்டையைத் துவைச்சுக் குடுங்க" என்றார்கள்.

பவானி இப்போது மூன்றாம் வருஷம் படிக்கிறாள். கல்லூரி வழியாக ஒரு பழைய லேப்டாப் கிடைத்திருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். சந்தோஷமாகத் திறந்து காட்டியவள், திடீரென்று ஒரு மாதிரி ஆகிவிட்டாள்.

"மிஸ், எங்க வூட்லயே இப்போ கம்ப்யூட்டர் கீது. அப்போ நான் இனிமே வாயா?"

"ஆமாட்டி" என்றேன். "இனி நீ வாய். கைய பின்னால கட்டிக்க."

சனிக்கிழமைகளில் அவள் நம் பள்ளி லேபுக்கு வருவது உனக்கே தெரியும் ரேவதி. அவள் ஏன் எந்தப் பிள்ளையின் மவுஸையும் தொட மாட்டாள் என்று என்னிடம் ஒருமுறை கேட்டாயே, இதுதான் காரணம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். சொந்த நம்பர் இருக்க வேண்டும் என்று நீ சொல்வது நியாயம்தான். ஆசிரியைக்கு ஓடிபி போவது முறையல்ல என்பதும் எனக்குத் தெரியும். இன்னொருத்தி கையில் இது எப்படி ஆகும் என்று எனக்கும் பயம் உண்டு. ஒவ்வொரு பெண் கையிலும் அவளுக்கென்று ஒரு போன் வரும் நாளில் என் நம்பரை நானே வந்து அழித்துவிட்டுப் போகிறேன். அதுவரை அவர்களை நிற்க வைத்து, போன் இருக்கிறதா என்று கேட்காதே. இந்த நிமிஷம் அது எங்கே என்று கேள். பதில் 'என் பையில்' என்று வந்தால் என் நம்பரை எடு. வராவிட்டால் இணையதளம் சிவப்பில் காட்டிவிட்டுப் போகட்டும். ஜெயசீலி மேடத்தையும் கேட்டேன், அவர்கள் நம்பரை எடுத்துவிடலாமா என்று. "சாவியைக் குடுத்துட்டேன், இதைக் குடுக்க மாட்டேன்" என்றார்கள்.

இதை எழுதி முடிக்கும்போது போன் மணி அடித்தது. ஓர் ஓடிபி. யாருடையது என்று மெசேஜில் இல்லை. பின்னாலேயே அறிமுகமில்லாத ஒரு நம்பரிலிருந்து அழைப்பு. பக்கத்து வீட்டுப் போனாக இருக்கும். மூச்சு வாங்குகிற குரல்: "மிஸ், நான் பதினொண்ணாவது பி கவுசல்யா. ஸ்காலர்ஷிப்புக்கு நம்பர் வந்துச்சா மிஸ்?"

"உங்க வீட்டு போன் எங்கட்டி?"

"நைனாவோட கடலுக்குப் போய்கீது மிஸ்."

யாரிடமும் பகிர வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, நிதானமாகச் சொன்னேன்.